முகாமில் குழந்தையிடம் விடவேண்டியவை

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைச் சில இரவுகள் வெளியே தங்க அழைத்துச் செல்லும் சாகச முகாமைப் பற்றிப் பெற்றோரிடம் பேசும்போது, எழும் கேள்விகள் பெரும்பாலும் உயரத்தையும் தண்ணீரையும் சுற்றியே இருக்கும். ஏறும் சுவர் எவ்வளவு உயரம், கயிறு அறுந்துவிடாதா, படகு கவிழ்ந்தால் யார் குதிப்பார்கள், நீச்சல் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றுவீர்களா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தாம். ஆனால் நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தால் பிள்ளை யாரை எழுப்பும், பாதி ஏறியபின் பயந்தால் இறங்க விடுவீர்களா, ஈரத் துணியைத் தனியாக எடுத்துவைக்க அதற்கு நேரம் கொடுப்பீர்களா என்று கேட்பவர்கள் அரிது. ஆசிரியராகப் பல குழுக்களோடு போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் வகைக் கேள்விகளுக்கு ஒழுங்காக நடத்தப்படும் எந்த மையத்திலும் விடை தயாராக இருக்கும். முகாம் ஒரு குழந்தைக்குள் என்ன செய்யப்போகிறது என்பதை இரண்டாம் வகைக் கேள்விகள்தாம் தீர்மானிக்கின்றன. எதைப் பெரியவர்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் தம் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள், எதை மிச்சம் வைக்காமல் குழந்தையின் பொறுப்பில் விடுகிறார்கள் என்பதுதான் நான் ஒரு முகாமில் முதலில் பார்ப்பது.

இந்த எல்லைக்கோடு எப்படி உருவானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் ஆல்டெனா நகரில் ஆசிரியராக இருந்த ரிச்சர்டு ஷிர்மன், 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தம் மாணவர்களைப் பல நாள் நடைப்பயணமாக அழைத்துச் சென்றார். வழியில் கடும் புயல்மழை பிடித்துக்கொள்ள, விடுமுறையால் காலியாகக் கிடந்த ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார்கள். பிள்ளைகள் வைக்கோலில் உறங்க, ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. நடந்து செல்லும் பிள்ளைகள் தங்குவதற்கு ஊர்தோறும் இப்படி ஓர் எளிய இடம் இருந்தால் என்ன என்று அந்த இரவில் அவருக்குத் தோன்றிய எண்ணம்தான், 1912இல் ஆல்டெனா கோட்டைக்குள் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதியாக உருப்பெற்றது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த அம்சம், அதில் சாகசம் என்று எதையும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை என்பதே. நடந்தார்கள், நனைந்தார்கள், வேறிடத்தில் உறங்கினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது வேர் வேறு விதமானது. நாஜிகளை எதிர்த்ததால் 1933இல் சிறைவைக்கப்பட்டு, பின்னர் பிரிட்டனில் குடியேறிய கல்வியாளர் கர்ட் ஹான், 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். 1941இல், கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டின் துணையோடு, வேல்ஸின் ஆபர்டோவி கடற்கரையில் முதல் 'அவுட்வர்டு பவுண்டு' பள்ளி அவர் முயற்சியில் திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் தாக்கப்பட்டு மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பி உயிர்காப்புப் படகுகளில் ஏறிய இளம் மாலுமிகள், உடல் வலு இருந்தும், மூத்தவர்களைப் போலத் தாக்குப்பிடிக்கவில்லை என்ற கவலை ஹோல்ட்டுக்கு இருந்தது. அனுபவம் தரும் உறுதியை ஏறத்தாழ ஒரு மாதப் பயிற்சியில் ஊட்ட முடியுமா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இன்றைய சாகச மையங்கள் பலவற்றின் மொழி இந்த வேரிலிருந்து வருகிறது: எல்லையைத் தாண்டு, விடாதே, உன்னால் முடியும். பதினேழு வயது மாலுமிக்காகப் பிறந்த அந்த மொழியை ஒன்பது வயதுக் குழந்தையிடம் அப்படியே பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொடக்கப் பள்ளி முகாம் ஹானைவிட ஷிர்மனுக்குத்தான் நெருங்கிய உறவு என்பது என் எண்ணம்.

பெரியவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1993ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று, இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற ஊரிலிருந்து கயாக் படகுகளில் கிளம்பிய ஒரு பள்ளிக் குழு, காற்றால் ஆழ்கடல் பக்கம் அடித்துச் செல்லப்பட்டுக் குளிர்ந்த நீரில் பல மணி நேரம் தத்தளித்தது. பதின்ம வயது மாணவர்கள் நால்வர் இறந்தார்கள். அந்த மையத்தில் முன்பு பணியாற்றிய பயிற்றுநர்கள், பாதுகாப்பு போதவில்லை என்று நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. மையத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் 1994இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 1995இல் இயற்றப்பட்ட சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு மலையேற்றம், நீர் விளையாட்டு, குகைப் பயணம் போன்றவற்றைக் கட்டணம் பெற்று நடத்துவோருக்கு உரிமம் கட்டாயம் என்றாக்கியது. அன்று கடலில் இருந்த பிள்ளைகள் தைரியத்தில் குறைந்தவர்கள் அல்லர். வானிலையைக் கணிப்பதும், திரும்பிவரக் காத்திருக்கவேண்டிய நேரத்தை வகுப்பதும், உதவிக்கு ஆள் நிறுத்துவதும் அவர்கள் வேலையே அல்ல. அந்த வேலைகளைச் செய்யவேண்டியவர்கள் செய்யவில்லை.

ஆகவே கருவிகளைப் பற்றி ஆசிரியருக்கு அடிப்படை அறிவாவது வேண்டும். ஏறும் சுவரில் குழந்தையின் இடுப்புப் பட்டையில் கட்டப்படும் கயிறு மேலே ஒரு வளையத்தின் வழியாகச் சென்று, கீழே நிற்பவரின் உராய்வுக் கருவிக்குள் வந்து முடிகிறது. குழந்தை கைவிட்டால் அதன் எடையைத் தாங்குவது கீழே இருப்பவரின் தசைவலிமை அன்று. கயிறு அந்தக் கருவியில் வளைந்து உரசும்போது எழும் பிடிப்பு. இடுப்பு இன்னும் குறுகலாக இருக்கும் சிறு குழந்தைகள் தலைகீழானால் இடுப்புப் பட்டையிலிருந்து நழுவ வாய்ப்புண்டு என்பதால், அவர்களுக்குத் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பட்டை அணிவிப்பார்கள். நீரில் அணிவிக்கும் அங்கிகளிலும் இரண்டு வகை உண்டு. கயாக்கில் பொதுவாகப் பயன்படும் மிதவை அங்கி, நினைவுள்ளவர் மிதப்பதற்கு உதவும். நினைவிழந்தவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பித் தரும் ஆற்றல் அதற்குக் கிடையாது, அது உயிர்காப்பு அங்கியின் வேலை. மேலும், நீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், விழுந்த முதல் சில நிமிடங்களில் மூச்சு தானாக வாரி இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் அந்த நிமிடங்களில் தடுமாறுவார். குழந்தையின் உடல் எடைக்கு அதன் தோல் பரப்பு அதிகம். ஆகவே பெரியவரைவிட விரைவில் சூட்டை இழக்கும். 'எனக்குக் குளிரவில்லையே' என்று கரையில் நிற்கும் ஆசிரியர் சொல்வது இதனால் எந்தக் கணக்கிலும் சேராது.

இவற்றில் எதையும் குழந்தையின் விருப்பத்துக்கு விட முடியாது. தலைக்கவசம் வேண்டாம் என்று பத்து வயதுப் பிள்ளை சொன்னால் அங்கே விவாதம் இல்லை. இந்தப் பகுதி இவ்வளவு இறுக்கமாக இருப்பதால்தான் மற்றப் பகுதியைத் தளர்த்திவிட முடிகிறது.

தளர்த்துவது என்று நான் சொல்வது சுவரில்தான் முதலில் சோதனைக்கு வரும். ஒரு குழந்தை பாதி உயரத்தில் நிற்கிறது. கால் நடுங்குகிறது. கீழே இருபது பேர் சேர்ந்து அதன் பெயரைச் சொல்லி 'ஏறு, ஏறு' என்று கத்துகிறார்கள். கத்துபவர்கள் அன்போடுதான் கத்துகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மேலே நிற்கும் பிள்ளையின் காதில் அது எப்படி விழும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்: இறங்குகிறேன் என்று சொன்னால் இருபது பேரை ஒரே நேரத்தில் ஏமாற்றவேண்டும். அந்தச் சுமையில் உச்சியைத் தொட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். இறங்கிவந்து தோழியின் தோளில் முகம் புதைத்து அழுதவர்களும் அவர்களில் உண்டு. படத்தில் அவர்கள் வென்றவர்களாகத்தான் தெரிவார்கள்.

அமெரிக்காவில் 1970களில் 'பிராஜெக்ட் அட்வென்சர்' என்ற கல்வி அமைப்பினர் வளர்த்தெடுத்த கொள்கை ஒன்று, எவ்வளவு தூரம் போவது என்பதைப் பங்கேற்பவரே முடிவு செய்யவேண்டும் என்கிறது. கொள்கை நல்லது. ஆனால் அதைச் சோம்பலாகப் பின்பற்றினால், 'விருப்பமில்லையா, சரி, அங்கே போய் உட்கார்' என்று பயந்த பிள்ளையைப் பெஞ்சில் அமர்த்துவதில் போய் முடியும். பயந்த குழந்தைக்கு 'செய்கிறாயா, இல்லையா' என்ற இரண்டே கதவுகளைக் காட்டினால் அது எளிய கதவைத் தேடும்; நாமும் அப்படித்தானே செய்வோம். எனக்குத் தெரிந்த சிறந்த பயிற்றுநர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். ஏறுவதற்கு முன்பே குழந்தையைச் சுவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, 'இன்று எந்தப் பிடிவரை போகலாம் என்று நினைக்கிறாய்? நிறத்தைச் சொல்' என்பார்கள். ஒரு பிள்ளை உச்சியிலுள்ள மணியைச் சொல்லும். இன்னொன்று தரையிலிருந்து மூன்றாவதாக இருக்கும் மஞ்சள் பிடியைச் சொல்லும். மஞ்சளைத் தொட்டதும், 'நீ சொன்ன இடம் வந்துவிட்டது. இறங்கலாமா, புதிதாக ஓர் இடம் சொல்கிறாயா?' என்று மீண்டும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சில நொடிகளில் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் சுவருக்கு அருகில் நின்றுகொள்வேன்.

இறங்குவதும் ஒரு திறன் என்பதை இங்கேயே சொல்லவேண்டும். ஏறும்போது கைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இறங்குவதற்குக் கைகளை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து கயிற்றில் உட்காரவேண்டும். கயிறு சற்று நீண்டு கொடுக்கும் தன்மையுள்ளது என்பதால் சாய்ந்த உடனே உடல் கொஞ்சம் கீழே தொய்யும். முதல்முறை அலறல் வருவது பெரும்பாலும் அந்தத் தொய்வில்தான். தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்திலேயே ஒருமுறை சாய்ந்து பார்க்கவைத்தால், மேலே போனபின் வரும் பயத்தில் பாதி குறைந்துவிடும். நேரம் இல்லை என்று இந்தப் படியைத் தாண்டிப்போகும் இடங்களில்தான் உச்சியில் உறைந்துபோய் நிற்கும் குழந்தைகளை அதிகம் காணலாம்.

தெப்பம் கட்டும் பயிற்சி இதற்கு நேரெதிர். சுவரில் தள்ளுவதுதான் பெரியவர்களின் பலவீனம் என்றால், தெப்பத்தில் உதவுவது. நான்கு காலிப் பீப்பாய்கள், சில மரக்கழிகள், கயிறு ஆகியவற்றைக் கொடுத்துக் குழுவாக ஒரு தெப்பம் கட்டச் சொல்வார்கள். முதல் கால் மணி நேரம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். உரக்கப் பேசும் பிள்ளை தலைவனாகிவிடும். முடிச்சுப் போடத் தெரிந்த அமைதியான பிள்ளை ஓரத்தில் நின்று பார்க்கும். பீப்பாய்களைச் சுற்றிய கயிறு தளர்வாக இருப்பது எந்தப் பெரியவருக்கும் தெரியும். 'இங்கே கொஞ்சம் இறுக்கலாமே' என்று கை தானாக நீளும். நீளக் கூடாது. ஆழமில்லாத நீர், பாதுகாப்பு அங்கி, அருகில் படகோடு பயிற்றுநர் என்று விழுவதற்கான எல்லா ஏற்பாடும் ஏற்கெனவே செய்தாயிற்று. அந்தத் தெப்பம் பிரிந்து போவதற்கு உரிமை உள்ளது. பிரிந்த பிறகு, நனைந்த தலைகளோடு கரையில் அமர்ந்து, எந்தக் கயிறு முதலில் அவிழ்ந்தது என்று அவர்களே பேசுவதைக் கேட்கவேண்டும். அந்தப் பேச்சில் ஓரத்தில் நின்ற பிள்ளையின் முறை வந்துவிடும். இரண்டாம் தெப்பத்துக்கு நேரம் ஒதுக்காத கால அட்டவணை, பயிற்சியின் பாதியை வெட்டி எறிந்துவிட்டது என்றே நான் சொல்வேன். ஒரே நாளில் ஐந்து செயல்பாடுகள் என்று விளம்பரம் செய்யும் மையங்களை நான் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்.

வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டு, ஆரஞ்சும் வெள்ளையுமான குறிக்கொடிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்காண்டிநேவியாவில் ராணுவப் பயிற்சியாகத் தொடங்கிய இது, குழந்தைகளுக்குக் கொடுக்கும் பெரிய பரிசு, வேலியிட்ட எல்லைக்குள் வழி தவறும் வாய்ப்பு. அவர்களோடு போகும் ஆசிரியர் பின்னால் நடக்கவேண்டும். முன்னால் நடந்தால் எல்லாரும் வரைபடத்தை மடித்துவிட்டு அவர் முதுகைப் பார்த்து நடப்பார்கள்.

இனி இரவு. பகல் முழுதும் சுவரிலும் தெப்பத்திலும் நடப்பவற்றைவிட, விளக்கணைந்த பிறகு நடப்பதே பல குழந்தைகளுக்கு உண்மையான சாகசம் என்று நான் நம்புகிறேன். தன் படுக்கை அல்லாத படுக்கை, பழகாத சத்தங்கள், பக்கத்துப் படுக்கையில் பல்லைக் கடிக்கும் தோழன், எங்கே வைத்தோம் என்று நினைவில்லாத டார்ச். வீட்டு நினைவு என்பது பலவீனமான பிள்ளைக்கு மட்டும் வருவதன்று. வீட்டைப் பிரிந்து தங்கும் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏதோ ஓர் அளவில் அது வரும் என்றும், பெரும்பாலோருக்கு அது தாங்கக்கூடிய அளவிலேயே இருக்கும் என்றும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007இல் வெளியிட்ட மருத்துவ அறிக்கை கூறுகிறது. அதே அறிக்கை பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று மிக முக்கியமானது: 'பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், நான் வந்து கூட்டிப்போகிறேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்பால் சொல்லப்படும் அந்த வாக்கியத்தில், 'உன்னால் சமாளிக்க முடியாது என்று நான் எதிர்பார்க்கிறேன்' என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. அழத் தொடங்கிய பிள்ளை சமாளிக்கும் வழியைத் தேடாது, தொலைபேசியைத் தேடும். அதற்குப் பதிலாக, புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக உறவினர் அல்லது நண்பர் வீட்டில் ஓரிரவு தங்கவைத்துப் பழக்கலாம். 'வீட்டு நினைவு வரும், வந்தால் என்ன செய்வாய்?' என்று பேசி, விடையைப் பிள்ளையையே சொல்லவைக்கலாம்.

அழும் குழந்தையிடம் ஆசிரியர் என்ன பேசவேண்டும் என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. 'அழாதே' என்பதும் பயனில்லை, அம்மாவைப் பற்றி நீளமாகப் பேசவைப்பதும் பயனில்லை. அருகில் உட்கார்ந்து, வருத்தம் இருப்பதை ஒப்புக்கொண்டு, பிறகு ஏதாவது ஒரு சிறு வேலையைக் கொடுப்பது என் வழக்கம். நாளைக்கு வேண்டிய காலுறையை எடுத்துவை, தண்ணீர்க் குடுவையை நிரப்பிக்கொண்டு வா, அறையில் எத்தனை பேர் தூங்கிவிட்டார்கள் என்று பார்த்துச் சொல். கையில் வேலை வந்ததும் மூச்சு சீராகிவிடும். சில பிள்ளைகளுக்கு அது போதாது; முதல் இரவு அவர்கள் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டிவரும். உட்கார்ந்திருக்கலாம், குறைந்துபோய்விடாது.

படுக்கை நனைக்கும் வழக்கமுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் வெட்கப்பட்டு மறைக்கும்போதுதான் சிக்கல். முன்கூட்டித் தெரிந்தால் எல்லாம் எளிது: கழிப்பறைக்கு அருகிலுள்ள படுக்கை, பையின் அடியில் ஒரு மாற்றுத் துணி, மற்றவர்கள் எழுவதற்குமுன் மெதுவாக எழுப்பிவிட ஓர் ஆள். ஆஸ்துமா உறிஞ்சி, ஒவ்வாமைக்கான ஊசிமருந்து ஆகியவை பற்றியும் இதையே சொல்வேன். அவை அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருந்தால் எதற்கும் உதவாது, குழந்தை எங்கே போகிறதோ அங்கெல்லாம் கூடவே போகவேண்டும்.

பையை அடுக்குவது பிள்ளையின் வேலை. இதை எத்தனை முறை சொன்னாலும் பெற்றோர் சிலர் தாமே அழகாக மடித்து அடுக்கி அனுப்புகிறார்கள். விளைவு, தன் பையில் என்ன இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது; மழை அங்கி அடியிலேயே கிடக்க, நனைந்துகொண்டு நிற்கும். பருத்தி ஆடை நனைந்தால் உடற்சூட்டைக் காக்காது, கம்பளியும் ஃபிலீஸும் ஓரளவு காக்கும் என்பதைப் பெற்றோர் அறிந்து வாங்கித் தரட்டும். எது எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளை அறிந்திருக்கட்டும்.

படங்களைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. மணிக்கு ஒருமுறை பெற்றோர் குழுவுக்குப் படம் அனுப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. படத்தில் தன் பிள்ளை இல்லை என்றால் உடனே ஒரு செய்தி வருகிறது. சிரிக்கவில்லை என்றால் இன்னொன்று. ஆசிரியர் பிள்ளைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்குகிறார். மாலையில் ஒரே ஒரு செய்தி, எல்லாரும் நலம், இன்று இன்னது செய்தார்கள் என்று அனுப்பினால் போதும். பெற்றோர் அருகில் இல்லாத சில நாள்கள்தாம் இந்த முகாம் குழந்தைக்குத் தரும் இடம். படங்களின் வழியே அந்த இடத்துக்குள் பெற்றோர் மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

வர இயலாத பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கட்டணம் கட்ட முடியாததால் பின்தங்கும் குழந்தை, பெரும்பாலும் அதைக் காரணமாகச் சொல்லாது. 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லும். அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டு பட்டியலில் பெயரை அடிப்பது ஆசிரியருக்கு வசதி. தவணை, உதவித் தொகை, குறைந்த இரவுகள் என்று வழிகளை யாரும் கேட்காமலே எல்லாருக்கும் அறிவிப்பதுதான் சரியான முறை. சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கேற்ற பட்டைகளும் கப்பி ஏற்பாடுகளும் இன்று உள்ளன. அவற்றை வைத்திருக்கும் மையத்தைத் தேடிப் பிடிப்பதும் பள்ளியின் பொறுப்பு.

முகாமை முன்பதிவு செய்வதற்குமுன் மையங்களிடம் நான் கேட்கும் கேள்விகள் இப்போது சிலவாகச் சுருங்கிவிட்டன. உரிமமும் பயிற்றுநர் தகுதிச் சான்றுகளும் தாளில் வந்துவிடும். அவற்றைச் சரிபார்த்துவிட்டு, பொறுப்பாளரிடம் நேரில் பேசுகிறேன். காற்று மாறினால் நீர்ப் பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அங்கே கரையில் நிற்கும் இளைய பயிற்றுநருக்கும் அந்த அதிகாரம் உண்டா? தெப்பம் பிரிந்துபோனால் அடுத்து என்ன செய்வீர்கள்? சுவரின் பாதியில் நின்றுவிட்ட குழந்தையிடம் என்ன சொல்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு, 'கவலையே வேண்டாம் டீச்சர், எங்களிடம் வந்த எந்தப் பிள்ளையும் மணியை அடிக்காமல் இறங்கியதில்லை' என்று பெருமையோடு விடை சொன்ன ஒரு மையத்தில் நாங்கள் முன்பதிவு செய்யவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அது அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது' என்று சொன்ன இன்னொரு மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம்.